சும்மாப் பாட்டு

சிரஞ்சீவி முருகேசனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்றுதான் இத்தனை வருஷமும் ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை அதை மாற்றிப் போடுகிறேன். அங்கே சுகம் என்று தெரிந்துவிட்டது, அதனால் இங்கேயும் சுகம். போன புதன்கிழமை தபால்காரர் உன் கார்டைக் கொண்டுவந்தார். ‘இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம்.’ நாலே வார்த்தை. சுரங்க ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துப் பார்த்து உனக்குத் தந்தி பாஷையே வந்துவிட்டது. பரவாயில்லை, எங்களுக்கு அந்த முதல் வார்த்தை ஒன்றே போதும். அதை உன் அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை நான் ராகம் போட்டே படித்தேன். “போதுங்க, பக்கத்து வீட்ல கேக்கப் போவுது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே பதில் எழுதாமல் ஐந்து நாள் கடத்தியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். யுத்தத்தில் காகிதம் கிடைக்காததால் பழைய நாடக நோட்டீசுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் படித்துச் சிரிக்காதே.

இருபத்துமூன்று நாள், அப்பாடா! மருமகள் கமலம் உன்னிடம் கோபித்துக்கொண்டு தங்கவயலிலிருந்து தனியாக ரயிலேறி, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பிரேசர் டவுனில் தன் தாய் வீட்டுக்கு வந்து இறங்கினாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். சம்பந்தி வீடு நம் வீட்டிலிருந்து நாலு தெருதான் என்பது அதுவரை எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த இருபத்துமூன்று நாளும் அதுவே பெரிய தொந்தரவாகிவிட்டது. காலையில் நடக்கப் போனால் கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்பும். ஒரு நாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். “வாங்க மாமா, காபி சாப்ட்டுப் போங்க” என்றாள். கோபம் என் மேல் இல்லை என்று தெரிந்தது, ஆனால் முகம் வாடிக் கிடந்தது. நானும் இன்னொரு நாள் வருகிறேன் என்று எதையோ உளறிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நீ எப்போது வரப்போகிறாய் என்று உன் மேல் எரிந்து விழுந்தேன். நீ இங்கே இல்லாததால் அதை உன் அம்மா வாங்கிக்கொண்டாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சின்ன வயதில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் ‘சாறு மேஷ்ட்ரு மகன்’, ரசம் வாத்தியார் மகன் என்று கேலியாகக் கூப்பிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு சந்தாபுராவில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட உன் அம்மாவைத் திரும்ப வரவழைப்பதற்காக, பெங்களூர்ப் பேட்டையில் நடந்த கன்னட நாடகத்தில், ராஜா வேஷக்காரர் வாயால் அவள் பேரையே பாட வைத்தேன் என்றும், அதைக் கேள்விப்பட்டு மறுநாளே அவள் ஓடி வந்துவிட்டாள் என்றும் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அந்தப் பேர் நல்ல பேர்தான் என்றாய். கல்யாணமாகி வந்த கமலத்துக்கும் அதையே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். முருகேசா, அந்தக் கதையில் சந்தாபுராவும் நாடகமும் மட்டும்தான் உண்மை.

என் தகப்பனார் தண்டில், அதாவது வெள்ளைக்காரர்களின் கண்டோன்மெண்டில், பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். அவர் எனக்குக் கொடுத்தது நல்ல காதும் கெட்ட கோபமும். பதினாலு வயதில் ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடப் போனேன். வாசிக்கிறவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. அன்று உட்கார்ந்தவன்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. சேலம், கோலார், திருப்பத்தூர் என்று ஊர் ஊராகச் சுற்றினோம். பழைய மெட்டுகளையே எல்லாக் கம்பெனிகளும் திருப்பித் திருப்பிப் பாடின காலம் அது. எனக்கு அலுத்துப் போய் ஒரு நாள் புதிதாக ஒன்று போட்டேன். கொட்டகையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டது. அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டவன் வேறு எந்த உத்தியோகத்துக்கும் லாயக்கில்லாமல் போய்விடுகிறான். கல்யாணமான பிறகு ஊர் சுற்ற முடியாது என்று பெங்களூரிலேயே, பேட்டையில் ஒரு கன்னடக் கம்பெனியில் சேர்ந்தேன். கன்னடம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுதப் படிக்க எனக்கு வராது. எல்லா வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பித்தது.

மெட்டுப் போடுகிற விதம் உனக்குத் தெரியுமோ தெரியாதோ. முதலில் மெட்டு, அப்புறம்தான் வார்த்தை. கவி வார்த்தை எழுத வேண்டுமானால் எங்கே நீளம், எங்கே குறுக்கல், எங்கே மூச்சு என்று அவருக்குக் காட்ட வேண்டும். ஸ்வரமாகச் சொன்னால் எங்கள் கவிக்கு மண்டையில் ஏறாது. அதனால் வாயில் வந்த வார்த்தைகளைப் போட்டு மெட்டைப் பாடிக் காட்டுவேன். கொத்தமல்லி வாங்கி வா, கூரை ஒழுகுது பார் என்று எதுவாக இருந்தாலும் சரி, அளவு சரியாக இருந்தால் போதும். கம்பெனியில் அதற்குச் ‘சும்மாப் பாட்டு’ என்று பெயர். நடிகர்கள் சும்மாப் பாட்டை வைத்தே ஒத்திகை பார்ப்பார்கள். நிஜப் பாட்டு வந்ததும் சும்மாப் பாட்டை மறந்துவிட வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

உனக்கு ஒரு வயது நிறைந்து, சந்தாபுராவில் உன் தாய்மாமன் வீட்டில் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். புது நாடகம் நெருங்கிக்கொண்டிருந்தது, ராஜா புலம்புகிற பாட்டுக்கு மெட்டு சிக்கவில்லை, நான் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து நீ அலறியபோது, ‘அப்பன் எங்கே’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் அம்மா ஒவ்வொரு பொய்யாகச் சொன்னாளாம். மூன்றாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் ஆர்மோனியத்தின் முன்னால் இருந்தேன். தலையைத் தூக்கி உன் காதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் அவசர அவசரமாகச் சமைத்து இலை போட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு, “என்ன இது, சாறு ஆறிப் போயிருக்குது?” என்றேன். நீ தொட்டிலில் அழுதாய். “புள்ளயத் தூக்கிட்டு எங்கயாச்சும் போ, ஒரு மெட்டுப் போட வுடு” என்று கத்தினேன். எங்கேயாவது போ என்றேன் இல்லையா, போய்விட்டாள். மறுநாள் காலையில் சந்தாபுராப் பக்கம் திரும்பிய ஒரு வண்டியில் ஏறிவிட்டாள்.

போனால் போகட்டும் என்று இரண்டு நாள் விறைப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் மெட்டு வந்தது, முருகேசா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீடு காலியாக இருந்ததால்தான் வந்தது. அதோடு சும்மாப் பாட்டும் தானாக வந்தது. ‘சாறும் இல்லே, சோறும் இல்லே, சாரதா நீ இல்லே. தொட்டிலும் இல்லே, சத்தமும் இல்லே, தூக்கமும் எனக்கில்லே.’ அளவு பிசகாமல் உட்கார்ந்துகொண்டது. கம்பெனியில் போய்ப் பாடிக் காட்டினேன். ராஜா வேஷம் போடும் கிருஷ்ணப்பாவுக்குச் சாரதா யார் என்று தெரியாது, ஏதோ சரஸ்வதி பேர் என்று நினைத்துக்கொண்டார். கவி மைசூருக்குத் தங்கை கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. ஒன்பது நாள் கிருஷ்ணப்பா அதே வார்த்தைகளை வைத்து உருகி உருகிப் பாடினார். நாடகத்தன்று காலையில்தான் கவி வந்து, சந்திரனையும் மல்லிகையையும் போட்டு நல்ல கன்னடத்தில் நிஜப் பாட்டைக் கொடுத்தார்.

இந்த நாட்களில் ஒரு தரமாவது சந்தாபுராவுக்குப் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். போயிருக்கலாம். பதினைந்து மைல். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனால் மச்சான் முகத்தை எப்படிப் பார்ப்பது, தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள், அவளாகப் போனவள் அவளாக வரட்டுமே. எனக்கு அந்தப் பதினைந்து மைல் ஆயிரம் மைலாகத் தெரிந்தது.

சனிக்கிழமை நாடகம். கொட்டகை நிரம்பியிருந்தது. பேட்டைக் கன்னடக்காரர்கள் பாதி, தண்டிலிருந்து வந்த நம்மவர்கள் பாதி. உன் மாமனும் வந்திருந்தார், எனக்கு முகம் கொடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராணியைப் பிரிந்த ராஜா காட்டில் மண்டியிட்டார். நான் சுருதி கொடுத்தேன். கிருஷ்ணப்பா கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, “சாறும் இல்லே” என்று எடுத்தார். நிறுத்த முடியுமா? கட்டைகளை அழுத்திக்கொண்டே போனேன். மகாராஜா நடுக்காட்டில் சாறுக்கு அழுகிறார்! தரை டிக்கெட்டில் ஒரு சிரிப்பு வெடித்தது. சாறும் தொட்டிலும் இல்லையும் இரண்டு பாஷைக்கும் பொதுவாகப் போய்விட்டதால் புரியாதவர் என்று ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த மனிதர் பாடின பாட்டில் அவ்வளவு அழுகை இருந்தது. தொட்டிலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் ‘ஒன்ஸ்மோர்.’ மூன்று தடவை. உள்ளே வந்த கிருஷ்ணப்பாவின் சட்டையைப் பிடித்தேன். “ஏன் மாட்லி மேஷ்ட்ரே, பாயிகெ அதே பந்து” என்றார், வாயில் அதுதான் வந்தது, நான் என்ன செய்வேன் என்று. கவி அன்றைக்கே கோபித்துக்கொண்டு மைசூர் போய்ச் சேர்ந்தார். முதலாளி, இனிமேல் இதுதான் பாட்டு என்று சொல்லிவிட்டார். நான் சாறு மேஷ்ட்ரு ஆனேன்.

நானோ, பெண்டாட்டி பேரைக் கூத்து மேடையில் ஏலம் விட்டிருக்கிறேன், அவள் தம்பி அதைக் கேட்டுவிட்டுப் போகிறான், இனி அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உன் காதில் சின்னதாக இரண்டு பொட்டு. எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுதிருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மார்பை நிமிர்த்திக்கொண்டு, “பாட்டக் கேட்டுட்டியா? ஒனக்காகத்தான் பாட வெச்சேன்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பேசாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ நாடகம், எத்தனையோ மெட்டு. டாக்கி வந்து கம்பெனிகளை மூடியபோது எல்லாரும் என்னைத் துக்கம் விசாரித்தார்கள். நான் அவ்வளவாகத் துக்கப்படவில்லை, முதுகு வலி நின்றது. பிரேசர் டவுன் பெண்களுக்கு ஆர்மோனியம் சொல்லிக் கொடுத்தே காலம் நன்றாகப் போயிற்று. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் அந்தச் சாரதா பாட்டின் கதையைச் சொல்லாமல் காபி குடித்ததில்லை. உன் அம்மாவிடம் மட்டும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்ததே இல்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். கமலம் வந்து இருபது நாள் ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவசரப்பட்டு வந்துவிடாதே, பெண்களின் மனசு தெரிந்தவன் சொல்கிறேன், அவள் மனசு இளகுகிற மாதிரி தூரத்திலிருந்து ஏதாவது செய், அவளே வருவாள், நான் ஒரு பாட்டால் உன் அம்மாவை வரவழைக்கவில்லையா என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். எழுதியதை உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“எந்தப் பாட்டுங்க?” என்றாள்.

“என்ன எந்தப் பாட்டு? சாறுப் பாட்டுத்தான்.”

“அதக் கேட்டா நான் வந்தேன்? பாட்டு எத்தினி மணிக்குப் பாடுனாங்க?”

“பன்னண்டு இருக்கும்.”

“நான் சாயங்காலமே காய்கறி வண்டி ஏறிட்டேன். சந்தைக்குப் போற வண்டி, ராத்திரி பூரா ஆடி ஆடி வந்து சேந்துது. நீங்க பாட்டு கீட்டுன்னு ஒளறும்போது எனக்கு ஒண்ணும் புரியல. தூக்கக் கலக்கம்னு வுட்டுட்டேன்.”

வாழ்நாள் முழுவதும் தாளத்தை எண்ணிப் பிழைத்தவன் நான். பதினைந்து மைலை மாட்டு வண்டி எத்தனை நேரத்தில் கடக்கும் என்று ஒரு தரம்கூட எண்ணிப் பார்க்கவில்லை! அப்போதுதான் நானும் சொன்னேன், வேண்டுமென்று பாட வைக்கவில்லை, அது வாய் தவறி வந்த சும்மாப் பாட்டு என்று. அவள் சிரித்த சிரிப்பில் அவரைக்காய் முறம் கவிழ்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், அப்படியென்றால் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“பன்னண்டு நாள் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், எட்டி எட்டிப் பாத்தேன். நீங்க வரல. வரவும் மாட்டீங்கன்னு தெரிஞ்சி போச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் வண்டி ஏறித்தான ஆவணும்? நான் ஏறிட்டேன்.” கோபமே இல்லாமல் சொன்னாள், கீழே சிதறிய அவரைக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். நானும் குனிந்து கூடப் பொறுக்கினேன். ஊரே கைதட்டிய பாட்டை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் திரிந்திருக்கிறேன், அவள் எட்டிப் பார்த்த அந்தப் பன்னிரண்டு நாளை ஒரு நாளும் நினைத்ததில்லை.

எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். தபாலில் போட்டிருந்தால் நீ அதை நம்பியிருப்பாய், இன்னும் தங்கவயலிலேயே உட்கார்ந்திருப்பாய். உடனே போய்க் கூட்டிக்கொண்டு வா என்று வேறு கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். “நீங்க ஒண்ணும் எழுத வேணாம். அவன் எனக்கும்தான் புள்ள, தானா வருவான்” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் கால் அந்தத் தெருவுக்குத் திரும்பியது. சம்பந்தி வீட்டு வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இடது கால் குதிகால் ஓரமாகத் தேய்ந்த செருப்பு. உன் நடை எனக்குத் தெரியாதா? அங்கே ஒரு நிமிஷம் நிற்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். “செருப்பு கெடக்குது! வாசல்ல செருப்பு கெடக்குது!” என்று கத்தினேன். உன் அம்மா பெரிய மூச்சாக விட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நீ நம் வீட்டுக்கு வராமலே அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாய் என்று சம்பந்தி அப்புறம் சொன்னார். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை.

உனக்குப் புத்திமதி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை. உன் மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும், தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், அவள் வரமாட்டேன் என்றால் தனியாகத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் தெரிந்துதான் நீ போயிருக்கிறாய். என்னால் முடியாததை நீ செய்தாய், கண்ணா. கமலத்திடம் அந்தப் பாட்டின் உண்மைக் கதையையும் சொல்லிவிடு. சிரிக்கட்டும்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இதுதான். உன் கார்டு வந்த மறுநாள் உன் அம்மா சந்தாபுராவுக்குத் தம்பி பேத்தியைப் பார்க்கப் போனாள். எப்போதும் அவளே போவாள், அவளே வருவாள். நேற்று நான், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிறதே, அந்தக் கரி பஸ் பிடித்துப் போனேன். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளச் சொல்கிறான், வேட்டி சட்டையெல்லாம் புகை. பஸ் நின்ற சத்தத்துக்கு உன் மாமன் வீட்டுக் கதவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“யாருக்கு என்னங்க ஆச்சு?” என்று ஓடி வந்தாள்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன்னக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் என் தோளில் படிந்திருந்த கரியை முந்தானையால் தட்டிவிட்டாள். நேரே உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், தம்பி பெண்டாட்டி காபி போட்டு முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. பாதி வழியில் மெதுவாக எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். சாறும் இல்லே, சோறும் இல்லே.

இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம்.

இப்படிக்கு,
அப்பா